மெர்வினின் முதல் இணைப்பு

மெர்வின் போன செய்தியை எனக்குச் சொன்னவர் ஏறாவூர் றபீக். கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவர். வேலைத்தளத்துக்கு வருவதாகச் சொன்ன மெர்வின் வராததால் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கிறார். பிறகு என்னை அழைத்து, "சேருக்கு முந்தியே தெரிஞ்சிருக்கும்தானே" என்று தொடங்கினார். தெரிந்திருக்கவில்லை. இந்த ஊரில் யார் இறந்தாலும் முதலில் அறிந்துகொள்வது பத்திரிகை நிருபரான என் தொழில். என்னோடு ஒரே வகுப்பில் படித்து, பின்னர் பல வருடம் ஒரே மேசையில் வேலை செய்தவனின் மரணம் எனக்கு முன்னே ஒரு வேலைத்தளம் முழுவதையும் எட்டியிருந்தது. துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது. எங்கள் இருவரையும் அறிந்தவர்களுக்கு இது புதுமையாக இராது.

அவன் கடலோர டச்பாரில் பிறந்த, போர்த்துக்கேய வழிவந்த பறங்கிக் குடும்பத்துப் பிள்ளை. கட்டார் நாட்டில் கட்டடப் படவரைஞனாக இருந்துவிட்டு, சுனாமிக்குச் சற்று முன்னர்தான் திரும்பியிருந்தான். கடல் வீட்டை எடுத்துக்கொண்டது. அவனும் மனைவி ஐரீனும் அந்த ஞாயிறு காலையில் தேவாலயத்தில் இருந்ததால் தப்பினார்கள். தண்ணீர் வடிந்தபின் நான் அங்கே போய், இறந்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவன் விழுந்துகிடந்த தூணொன்றின் அருகே குந்தியிருந்து கம்பிகளைத் தடவிக்கொண்டிருந்தான். சனம் அழுகிற இடத்தில் இது என்ன வேலை என்று கேட்டேன்.

"அலை எல்லாத்துக்கும் ஒரேமாதிரித்தான் அடிச்சது மச்சான். இது ஏன் இந்த இடத்துல முறிஞ்சது எண்டு பார்க்கிறன்" என்றான்.

அவன் காட்டியது தூணும் குறுக்கே ஓடும் பீமும் சந்திக்கும் மூட்டு. தூணின் கம்பிகளைச் சுற்றி மேலும் கீழும் வளையங்கள் கட்டியிருந்தார்கள். மூட்டுக்குள் மட்டும் ஒன்றும் இல்லை. நான் எழுதியது முதற் பக்கத்தில் வந்தது. மறுநாள் அந்த இடத்தில் வேறொன்று வந்தது. அவன் பார்த்தது அவனோடு தங்கிவிட்டது.

வாவியைப் பார்த்த மாடி அறையொன்றில் என் அலுவலகம் இருந்தது. அதில் பாதியை அவனுக்குக் கொடுத்தேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அவன் வேலை செய்யத் தொடங்கியிருந்தான். கட்டடங்களை நிலத்தில் எழுப்புமுன் கணினியில் கட்டிப் பார்க்கும் மென்பொருள் அவர்களுடையது. தூணும் பீமும், தூணும் அத்திவாரமும், பீமும் தளமும் சேரும் இடங்களில் கம்பி எப்படி வளைய வேண்டும் என்று ஒவ்வொரு இணைப்பையும் வரைந்து, தூண் பருத்தால் எது எப்படி மாற வேண்டும் என்ற விதியையும் சேர்த்து, ஒரு கற்றலொக், அதாவது தெரிவுப் பட்டியல், ஆக்குவது அவன் வேலை. எந்த நாட்டுப் பொறியியலாளரும் அதில் ஒன்றைத் தெரிவுசெய்தால் கம்பிகள் தாமாகவே வந்து நிற்கும்.

அது கிழக்கில் யுத்தம் மறுபடி மூண்ட காலம். வடக்கே கதிரவெளிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் நடந்து வந்துகொண்டிருந்தது. கண்ணால் கண்டதையும் நான் 'எனக் கூறப்படுகிறது' என்று முடித்தேன். யாரென்று ஊருக்கே தெரிந்த துப்பாக்கிக்காரர்கள் என் செய்தியில் 'இனந்தெரியாதோர்' ஆனார்கள். அப்படி எழுதினால்தான் செய்தியும் வரும், நானும் வீடு போய்ச் சேருவேன். ஒருநாள் மெர்வின் கதிரையைத் திருப்பி என் திரையை வாசித்தான்.

"கூறப்படுகிறது எண்டு நான் ஒரு கம்பியக் கீறினா கட்டடம் விழும் மச்சான். நீ எழுதினா பேப்பர் வரும்."

பகிடியாகத்தான் சொன்னான். அன்று அவனோடு தேநீர் குடிக்கப் போகவில்லை. உள்ளதை உள்ளபடி கீறி வரைய அவனுக்கு அனுமதி இருந்தது. ஓர் அங்குலம் பிழைத்தால் அவனுக்குத் திட்டு விழும். எனக்கோ ஓர் அங்குலம் சரியாக இருந்தால் விழும்.

பிறகு அவனுக்கும் ஒரு சோதனை வந்தது. தூணும் பீமும் சேரும் மூட்டுக்குக் கற்றலொக்கில் பல இணைப்புகள். ஒருவர் ஒன்றையும் தெரிவுசெய்யாமல் விட்டால் முதலில் நிற்பதையே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். மூட்டுக்குள் வளையம் உள்ளதை மெர்வின் முதலில் வைத்தான். நிறுவனத்து மேற்பார்வையாளர் வளையம் இல்லாததை முதலில் வைக்கச் சொன்னார். பீமின் கம்பிகள் குறுக்கே நிற்கையில் அதற்குள் வளையம் போட முடியாது, கட்ட முடியாததை முன்னால் வைத்தால் வாங்குகிறவர்கள் குறை சொல்வார்கள் என்பது அவர் நியாயம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய நேரம். மெர்வினும் ஐரீனும் அப்போதும் தற்காலிகக் கொட்டிலில்தான் இருந்தார்கள். இரண்டாவதாக வைத்தால் என்ன, வேண்டுமென்றவன் எடுப்பான்தானே என்று நானும் கேட்டேன்.

"வேணுமெண்டவனுக்கு நான் தேவையில்ல. ஒண்டையும் பார்க்காம பட்டன அமத்திட்டுப் போறவன் இருக்கான்தானே? அவன் கட்டுற வீட்டுலயும் பிள்ளைகள் படுக்கும். அவனுக்காகத்தான் கீறுறன்."

றபீக் எங்கள் அறைக்கு முதலில் வந்தது அப்போதுதான். உண்மையான கம்பியில் மாதிரி மூட்டொன்றைத் தரையிலேயே கட்டச் சொன்னான் மெர்வின். றபீக் படத்தைப் பார்த்தார், கம்பிகளுக்கிடையில் கையை விட்டுப் பார்த்தார்.

"இத நாங்க போடமாட்டம் சேர். கை போகாது. போடாம உட்டுட்டு, போட்டெண்டு சொல்லுவம்."

மெர்வின் சிரித்தான். இந்த அறையில் தான் கேட்ட முதல் உண்மைச் செய்தி இதுதான் என்று என்னைப் பார்த்துச் சொன்னான்.

அதன்பின் சில நாட்கள் அவன் வரைவதும் அழிப்பதுமாக இருந்தான். முடிவில் ஒரு வளையத்தை இரண்டாக்கினான். இரு பக்கமிருந்தும் ஒவ்வொரு துண்டாகச் செலுத்தி, நுனிக் கொக்கிகளை உள்ளே மாட்டிக் கட்டலாம். றபீக் திரும்பவும் வந்து கட்டினார். "இப்ப போகுது" என்றார். நான் அதைப் படம்பிடித்தேன், மெர்வின் நிறுவனத்துக்கு அனுப்பினான். வளையமுள்ள இணைப்பு முதலாவதாகவே நின்றது. ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. நான் கைகுலுக்கினேன். அதே நாளில் என் செய்தியொன்றைப் பாதியாக வெட்டிப் போட்டிருந்தார்கள்.

யுத்தம் முடிந்து பாசிக்குடாக் கடற்கரையில் உல்லாச விடுதிகள் எழும்பத் தொடங்கியபோது, மீனவர்கள் தோணி ஏற்றும் இடம் பற்றி எழுதப் போயிருந்தேன். இன்னும் கொங்கிறீற் போடாத ஒரு மாடியில், மூட்டுக்கு மூட்டு அந்த இரண்டு துண்டு வளையம். இது யாருடைய யோசனை என்று அங்கிருந்த இளம் பொறியியலாளரிடம் கேட்டேன். அவர் அரைகுறைத் தமிழில், தான் ஒன்றும் செய்யவில்லை, கணினியே போட்டது என்றார். ஊருக்கு வந்து மெர்வினிடம் சொன்னேன். கற்றலொக்கில் உன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டால் என்ன என்றேன்.

"கொங்கிறீற் போட்டா கம்பியே தெரியாது. என்ட பேர் என்னத்துக்கு?" என்றான். அதில் கோபமோ பெருமையோ இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடக்கத்தன்று ஐரீன் என்னிடம் ஒன்று கேட்டாள். அவனுடைய இணைப்பு எத்தனை கட்டடங்களில் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்று. "நீங்க எல்லாத்தையும் விசாரிக்கிற ஆள்தானே" என்றாள். நிறுவனத்துக்கு எழுதினேன், தெரிந்த பொறியியலாளர்களைக் கேட்டேன். யாராலும் சொல்ல முடியவில்லை. நான் எழுதிய ஒவ்வொரு செய்திக்கும் மேலே என் பெயர் இருக்கிறது. அவற்றில் எதற்குக் கீழும் யாரும் படுத்து உறங்கவில்லை.

மெர்வினிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தப் பொறாமையைத்தான். அது இருக்கும்வரை கொஞ்சம் நேராக எழுதுவேன். பெயர் போடாமல் எழுத மட்டும் இன்னும் வரவில்லை. இதற்கும் போட்டுத்தான் அனுப்புகிறேன்.