இத்தாலிக்காரன் வெட்டிய வரி

காலை 5.40. தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. என் கோபம் விடவில்லை. தோள்பையில் துணிகளுக்கு நடுவே ஓர் இசைத்தட்டு. இத்தாலியிலிருந்து தபாலில் வரவழைத்தது, தபால் செலவோடு நாலாயிரத்துச் சொச்சம். அதில் என் அத்தை அழுகிறார்.

விவரமாகவே சொல்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து எனக்கு எண்பதுகளின் இத்தாலிய இசைமேல் பைத்தியம். மலிவான சிந்தசைசர், டிரம் மெஷின், ஆலைச் சத்தம், வானொலி இரைச்சல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் டேப்பில் பிடித்து, பிளேடால் வெட்டி ஒட்டி, கொஞ்சம் கேசட்டுகள் போட்டு, தங்களுக்குள் தபாலில் அனுப்பிக்கொண்ட இளைஞர்கள். முதலாளிகளைப் பெயர் சொல்லித் திட்டிக் கத்தியவர்கள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை முடிந்து வந்து அதைக் கேட்டால்தான் எனக்கு மனசு ஆறும். "மிக்சில கல்லப் போட்டு அரைக்கிற மாதிரி இருக்குடா" என்று என் அறைத்தோழன் தலையில் அடித்துக்கொள்வான்.

போன மாதம் மறுபதிப்பாக வந்த தட்டு இது. ஒரு பாட்டில் பறையடி, அதன்மேல் டிரம் மெஷின், நடுவே ஒரு பெண்குரல்: "ஆலங்கொல்லை மண்ணுல... ஆலங்கொல்லை மண்ணுல..." பாட்டு முடியும்வரை அந்த இரண்டு சொல்தான், சுற்றிச் சுற்றி. ஆலங்கொல்லை என் அப்பாவின் ஊர். போனில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். "உங்க அத்தை அஞ்சலைடா அது. உங்க மாமா செத்தன்னிக்கு அழுதது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். தட்டின் பின்னட்டையில் அச்சடித்திருக்கிறார்கள்: 'கங்கைக் கரைச் சடங்குப் பாடல். பாடியவர் பெயர் தெரியவில்லை.' கங்கைக் கரையாம், சடங்காம்!

காலை 6.15. திருவாரூர் பஸ். ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் நீடாமங்கலம் ரயில்வே கேட் யாரையும் சும்மா விடாது. கேட் திறக்கும்வரை, அந்தப் பாட்டுக்கு யாரோ ஆடி இணையத்தில் போட்ட வீடியோவைப் போனில் மறுபடியும் பார்த்தேன். ஏதோ ஓர் ஐரோப்பிய நகரத்து மதுக்கூடம். என் அத்தையின் குரலுக்குக் கையில் கிளாஸோடு இடுப்பை ஆட்டுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே சம்பாப் பயிர் முழங்கால் உயரத்துக்கு நின்றது. எனக்கு எதையும் ரசிக்கத் தோன்றவில்லை.

காலை 9.10. திருவாரூரில் பஸ் மாறி நன்னிலம். டீ பன்னிரண்டு ரூபாய். ஆலங்கொல்லைக்கு ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோ இருநூற்றைம்பது. ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும்.

"யாரு வீட்டுக்குங்க?"

"அஞ்சலை வீடு."

"மருந்தக் குடிச்சுச் செத்தாரே மாரிமுத்து, அவரு வீடா?"

"அவர் குடிக்கலைங்க."

"குடிச்சாருன்னுதாங்க எங்க அப்பா சொல்லுவாரு. ஊரே அப்படித்தான் சொல்லுது" என்றார். நான் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

அத்தை வயலில் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார். மாமா இறந்தபோது அத்தைக்கு இருபத்தைந்து வயதுகூட இல்லை. கூலிக்கு நாற்று நட்டே மகளைப் படிக்கவைத்து, இரண்டு மா நிலமும் வாங்கியவர். சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். போனில் பாட்டைப் போட்டேன். அழுவார் என்று நினைத்து என்னென்னவோ ஆறுதல் யோசித்துவைத்திருந்தேன். அவர் அழவில்லை. கடைசிவரை கேட்டார்.

"மீதி எங்கடா?"

"என்ன மீதி அத்த?"

"நான் பேரச் சொல்லி அழுதேனே, அது எங்க?"

பிறகுதான் முழுக் கதையும் தெரிந்தது. பண்ணையார் நடனசபாபதியின் வயல். உச்சி வெயில், எதிர்காற்று. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மாமாவை வெற்றுடம்போடு மருந்தடிக்க விட்டிருக்கிறார்கள். வரப்பிலேயே விழுந்தவர் எழவில்லை. வீட்டில் சண்டை, அவனே குடித்துவிட்டான் என்று பண்ணை போலீசில் சொல்ல, ஊர் பயந்துபோய்த் தலையாட்டியிருக்கிறது. அன்றைக்குப் பார்த்து, கோயில் மேளம் பதிவுசெய்ய வந்த ஒரு வெள்ளைக்கார இளைஞன் பறைச் சத்தம் கேட்டுச் சாவு வீட்டுக்கு வந்து நின்றிருக்கிறான்.

"அத்தன ஆம்பளயும் வாயப் பொத்திக்கிட்டு நின்னானுவ. காதுல மூடி மாட்டுன இந்தப் பய ஒருத்தனுக்குத்தான் பண்ணையத் தெரியாது, பயமும் கெடயாது. அதான் எந்திரிச்சுப் போயி அவன் மைக்குல வாய வச்சு அழுதேன்."

வரியை அத்தை பாடவில்லை, பேசுவதுபோலத்தான் சொன்னார்: "ஆலங்கொல்லை மண்ணுல ஆவி போச்சே நஞ்சால, அடிக்கவச்ச நடனசபாபதி அடிவயிறு எரியாதோ."

"மறுநாளு ஊருல கேட்டா, அஞ்சல யாரு பேரயும் சொல்லலன்னுட்டானுவ. சரி, அந்த மெஷினு பொய் சொல்லாதுன்னு இருந்தேன். இத்தன வருசமா, எங்கயோ ஒரு எடத்துல இருக்குன்னு இருந்தேன் தம்பி."

அன்றைக்கு வந்தவர்தான் இந்தத் தட்டைப் போட்ட இத்தாலிக்காரர்; அங்கேயே உட்கார்ந்து அவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஒரிஜினல் டேப் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். விசாரித்ததில் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று முன்பே தெரியும்.

பகல் 2.15. பதில் வந்தது. மிக அழகான நினைவாம். அர்த்தம் தெரியாதாம், தாளத்துக்கு அந்த ஒரு துண்டுதான் பொருந்தியதாம். அந்தக் காலத்தில் டேப் விலை அதிகம் என்பதால் மீதியை அழித்துவிட்டு அதன்மேலேயே வேறு பதிவு செய்துவிட்டாராம். வருந்துகிறாராம். தன் ஊர் முதலாளியைப் பெயர் சொல்லித் திட்டியவர் என்றுதான் இவரை நான் கொண்டாடினேன். என் ஊர் முதலாளியின் பெயரைத்தான் பிளேடால் வெட்டி எறிந்திருக்கிறார்.

தமிழில் சொன்னேன். அத்தை முகம் சிவந்துவிட்டது.

"அர்த்தம் தெரியலன்னா கேக்கணும்ல? ஊருல ஒருத்தனக்கூடவா கேக்க முடியல? அழுகைய மட்டும் எடுத்துக்கிட்டு, யாரச் சொல்லி அழுதேங்குறத விட்டுட்டுப் போனானா, எடுபட்ட பய!"

"இப்பப் பாடுங்கத்த, நான் போன்ல பதிஞ்சு அனுப்புறேன்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"போடா அறிவுகெட்டவனே. சாவில்லாம ஒப்பாரி வைப்பாங்களா? இப்பப் பாடுனா அது பாட்டு. அன்னைக்கு நான் சொன்னது புகாருடா."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையைப் பார்க்கப் போய்விட்டார். மாலைவரை என்னிடம் சரியாகப் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "தஞ்சாவூரு போயிச் சாப்புட்டுட்டு ரயிலேறு" என்றார்.

மாலை 4.50. மெயின் ரோடு வரை நடந்து வந்து பஸ் பிடித்தேன். ஏறிய இடத்தில் பண்ணையாரின் மகன் நடத்தும் ரைஸ் மில், அதன் வாசலில் பளிங்கு பதித்த நிழற்குடை. 'கொடைவள்ளல் நடனசபாபதி நினைவாக' என்று ஆள் உயரத்துக்கு எழுத்து. பஸ் கொஞ்ச தூரம் போன பிறகுதான் கண்டக்டர் டிக்கெட் போட வந்தார்.

"எங்க சார் ஏறுனீங்க?"

"மில் ஸ்டாப்."

"எந்த மில்லு? ரெண்டு இருக்கு. பேரச் சொல்லுங்க."

சொன்னேன். "மாரிமுத்துவ வெறும் உடம்போட மருந்தடிக்க விட்டுக் கொன்னுட்டு, அவரே குடிச்சுட்டாருன்னு போலீஸ்ல சொன்ன நடனசபாபதி மில்."

முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் குனிந்து, "மெதுவாச் சொல்லுங்க சார், அவங்க வீட்டு ஆளுங்க பஸ்ல இருக்கப் போறாங்க" என்றார்.

"இருக்கட்டும்" என்று எழுந்து நின்று, பின்சீட்டு வரைக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன்.