அக்கா எடுத்த என் தீர்மானம்

என் அக்காவின் இரண்டு கால்விரல்கள் போனதற்கு நான்தான் காரணம்.

வியாதி முற்றிவிட்டது என்றார் மருத்துவர். வயதாகிவிட்டதல்லவா என்றான் தம்பி ஜெரால்டு. அக்காவோ, "ரெண்டு கரண்டி சோறு கூடப் போட்டுக்கிட்டேன்டி, அதான் ஆண்டவர் தண்டிச்சிட்டார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூவருக்கும் தலையாட்டியபடி நான் ஃப்ளாஸ்க்கிலிருந்த பாலை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை!

இதைக் கோயிலில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனேன். முழந்தாளிட்டேன். கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று சில்லறைப் பாவங்களை ஒப்பித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஏனென்றால், செய்த பாவத்துக்கு வருந்தி மனஸ்தாபப்படுகிறாயா என்று ஃபாதர் கேட்பார். இல்லை என்ற பதிலை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார்? அதனால் உங்களிடம் வந்திருக்கிறேன். உங்களுக்கு மன்னிக்கும் அதிகாரம் கிடையாது. எனக்கும் அது தேவையில்லை.

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் ஒரு வழக்கம். புத்தாண்டுப் பூசைக்குப் போய்வந்து, பிரியாணியும் சாப்பிட்டு முடித்த பிறகு, கூடத்தில் மாதா சுரூபத்தின் முன்னால் எல்லோரும் வட்டமாக உட்காருவோம். மூத்தவரில் தொடங்கி ஒவ்வொருவரும் அந்த வருஷத் தீர்மானத்தை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னதும் அப்பா எங்கள் நெற்றியில் சிலுவை போடுவார். அதற்குப் பிறகு அது வெறும் பேச்சில்லை. மாதாவுக்குக் கொடுத்த வாக்கு. நகம் கடிக்க மாட்டேன் என்று ஒரு வருஷம் சொன்ன ஜெரால்டு, மறுநாளே கடித்துவிட்டு, வாரக்கணக்கில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரிந்தான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஆசிரியை வேலை. அதே பள்ளியில், நங்கநல்லூரிலிருந்து வந்துபோகும் பாஸ்கர் என்பவரை எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் என்னை. ஆனால் வேறு மதம். அப்பா லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆகவே தீர்மான வட்டத்தில், மாதா முன்பாகவே சொல்லிவிடுவதென்று துணிந்தேன். அங்கே சொன்னதை அப்பாவால் தட்ட முடியாதல்லவா! முந்தின நாள் அக்கா ரெஜினாவிடம் மட்டும் சொன்னேன். எட்டு வயது மூத்தவள், கல்யாணமானவள், விவரம் தெரிந்தவள். "கவலப்படாத, நான் பாத்துக்கறேன்" என்று என் தலையைத் தடவினாள்.

பார்த்துக்கொண்டாள்!

தன் தீர்மானத்தைச் சொன்ன கையோடு, "ஸ்டெல்லாவுக்குச் சொல்ல வெக்கமா இருக்காம், நானே சொல்லிடறேன்பா. அம்மா இப்படிப் படுத்த படுக்கையா இருக்கறதால கல்யாணமே பண்ணிக்காம கடைசிவரைக்கும் அம்மாவப் பாத்துக்கப் போறாளாம்" என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். உள்ளறைக் கட்டிலில் அம்மா தேம்பினாள். அப்பா கண்ணைத் துடைத்த கட்டைவிரலாலேயே என் நெற்றியில் சிலுவை போட்டார். அந்த ஈரம்...

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? இல்லை என்று ஒரே ஒரு சொல்! எத்தனையோ முறை என்னை நானே கேட்டிருக்கிறேன். அம்மா அழுதுகொண்டிருக்கும்போது எந்த மகளால் அதைச் சொல்ல முடியும்? அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். பின்னாளில் தலைமையாசிரியை ஆனவள் அவள். யாரை எங்கே உட்கார வைத்தால் எழுந்திருக்க மாட்டார்கள் என்பது அவளுக்கு அப்போதே அத்துப்படி.

பாஸ்கர் கொஞ்ச காலம் காத்திருந்தார். பிறகு வேறு பள்ளிக்குப் போய்விட்டார். அம்மா பல வருஷம் படுத்திருந்து போய்ச் சேர்ந்தாள். அப்பாவும் போனார். கணவனை இழந்து, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, ஓய்வும் பெற்ற அக்கா, கடைசியில் என்னிடமே வந்து சேர்ந்தாள். நான் பார்த்துக்கொள்ள!

போன புத்தாண்டில் அவள் எடுத்த தீர்மானம் இது. "இந்த வருஷம் சர்க்கரை போட்ட எதையும் தொடமாட்டேன். சுகரை நார்மலுக்குக் கொண்டுவந்தே தீருவேன்." சொல்லிவிட்டுத் தன் நெற்றியில் தானே சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. என் தீர்மானத்தைத் திருடியவளின் தீர்மானம், இதோ, என் சமையலறையில், என் கையில்!

என் முறை வந்தபோது, பொறுமையாக இருப்பேன் என்றேன். அது பொய்யில்லை. பொறுமையாகத்தான் செய்தேன்.

தி.நகரில் 'சுகர் ஃப்ரீ' இனிப்பு ஒரு டப்பா வாங்கினேன். அக்காவுக்குக் குழந்தைபோல் சந்தோஷம். "சர்க்கரையே இல்லன்னா தீர்மானத்த மீறினதா ஆகாதுல்லடி?"

"ஆகாதுக்கா."

அது தீர்ந்ததும் காலி டப்பாவைத் துடைத்தேன். வேறொரு கடையில் சாதாரண மைசூர்பாகும் பால்கோவாவும் வாங்கி அதில் அடுக்கினேன். "முன்னதுக்கு இது எவ்வளவோ தேவலையே!" என்றாள். புதிதாக வந்திருக்கிறது என்றேன். தினமும் மாலைக் காபியோடு தட்டில் வைத்து நீட்டுவேன். இப்படி ஒரு தங்கை யாருக்குக் கிடைப்பாள் என்று கோயில் வாசலில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். நானும் பூரித்தேன்.

வீட்டு வேலைக்கு வரும் மல்லிகா மட்டும் ஒருநாள் அலமாரியைத் துடைக்கையில் நின்றுவிட்டாள். "இன்னாக்கா இது, சக்கர இல்லாத ஸ்வீட்டுன்னு சொல்ற, எறும்பு இந்த மொய் மொய்ச்சிக்கினு கீது?"

"பக்கத்துல சர்க்கரை கொட்டிடுச்சு மல்லிகா."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு துடைத்துவிட்டுப் போனாள். அன்றோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே டப்பாவை வைத்தேன்!

மழைக்காலத்தில் செருப்பு கடித்து அக்காவின் காலில் புண் வந்தது. ஆறவில்லை. கறுத்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். மகிழ்ந்தாயா என்று கேட்கிறீர்களா? ஆம், மகிழ்ந்தேன்... முதல் நாள். மறுநாள் கட்டைப் பிரித்தபோது விரல்கள் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். ஆனாலும் மனஸ்தாபம்? தேடித் தேடிப் பார்த்தேன், வரவில்லை. வீட்டுக்கு வந்து மிச்ச இனிப்பைக் குப்பையில் கொட்டிவிட்டு, நிஜமான சுகர் ஃப்ரீ வாங்கி டப்பாவில் நிரப்பினேன். அவளுக்கும் எனக்கும் கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அடையாறில் ஒரு சின்ன வீடு பார்த்து முன்பணமும் கொடுத்தேன். பால்கனியில் நின்றால் ஆறு தெரியும். அக்காவுக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டு நான் தனியாகப் போய்விடுவது. அதுதான் இந்த வருஷத் தீர்மானம். முதன்முதலாக என் வாயால் நான் சொல்லப்போகும், எனக்கே எனக்கான தீர்மானம்!

இந்தப் புத்தாண்டிலும் உட்கார்ந்தோம். வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் அமர்ந்த அக்கா, இந்த வருஷமாவது நாக்கைக் கட்டுவேன் என்றாள். அதோடு நிறுத்தவில்லை.

"அப்புறம் ஸ்டெல்லா... அவளாச் சொல்லமாட்டா, நானே சொல்லிடறேன். வேலைய விட்டுட்டு இனிமே எங்கூடவே இருந்து என்னைப் பாத்துக்கப் போறா."

கைதட்டினார்கள்! ஜெரால்டின் பிள்ளைகள் விசிலடித்தார்கள். அக்கா என்னைக் கிட்டே இழுத்து, அப்பாவைப் போலவே கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டாள். இல்லை என்ற சொல் தொண்டைவரை வந்தது. கட்டுப்போட்ட அந்தக் காலைப் பார்த்தேன். அதை அப்படி ஆக்கியவள் நான். எந்த வாயால் சொல்வேன்? அவளை நொண்டியாக்கி என்னையே நான் கட்டிப்போட்டுக்கொண்டேன்.

மாலையில் காபியோடு தட்டை நீட்டினேன். ஒரு கடி கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி, கொஞ்ச நாளா ருசியே மாறிப்போச்சு? முன்னல்லாம் வாங்கிட்டு வருவியே, அதையே வாங்கிட்டு வா."

"சரிக்கா" என்றேன்.

நெற்றி இன்னும் ஈரமாகவே இருப்பதுபோல் இருக்கிறது. நாளை தி.நகர் போக வேண்டும். எந்தக் கடைக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்... டப்பாவைக் காலி செய்து, கழுவித் துடைத்து, காய வைத்திருக்கிறேன்.