எந்தக் காடு?

நான் மாங்காட்டில் பிறந்தவள். பக்கத்தில் திருவேற்காடு, பஸ் ஏறினால் ஆற்காடு. சுற்றிலும் காடாகவே பேர் வைத்திருக்கிறார்கள், ஆனால் கல்யாணம் ஆகிற வரைக்கும் நான் ஒரு காட்டையும் கண்ணால் பார்த்ததில்லை. இந்த லட்சணத்தில் நான் புவியியல் டீச்சர். ஆவடியில், முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் பல்லுயிர்த் தொகுதிகள் நடத்துகிறேன். டைகா என்றால் ஊசியிலை, பனி வழுக்கிப் போகிற மாதிரி கூம்பாக நிற்கிற மரங்கள். மழைக்காடு என்றால் வெயில் தரையைத் தொடாது. சவானா என்றால் இடுப்பளவு புல், நடுநடுவே குடை பிடித்த மாதிரி ஒரு மரம். எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். "மிஸ், அப்ப ஆவடி எதுல வருது?" என்று ஒருத்தி கேட்டாள் பாருங்கள், பாடப்புத்தகத்து உலகப் படத்தைப் புரட்டினேன்.

படத்தில் இருக்கிற நிறத்தைப் பார்த்தால் இலையுதிர் காடு. இன்னொரு புத்தகத்தில் இந்தக் கடற்கரைப் பக்கத்துக்கென்று தனியாக ஒரு உலர் பசுமைமாறாக் காடு உண்டு, மழை இல்லாவிட்டாலும் இலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் குட்டை மரங்கள் என்று போட்டிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் லாரியும் பார்த்தீனியமும். எதைச் சொல்ல? "நாளைக்குச் சொல்றேன், உட்காரு" என்றேன். அந்த நாளை இன்றுவரை வரவில்லை.

ஆனால் என்னிடம் ஒரு காடு இருந்தது. பள்ளிக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். கட்டடம் கட்டினபோது மிஞ்சின செங்கல்லும் ஜல்லியும் கொட்டிக் கிடந்த இடம். சில வருஷங்களுக்கு முன்னால் பிள்ளைகளை வைத்து நாவல், புங்கன், மகிழம், பூவரசு என்று நெருக்கி நெருக்கி நட்டேன். நாங்கள் நட்டது அவ்வளவுதான், மற்றதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. காக்காய் எச்சத்தில் வேம்பு, காற்றில் எருக்கு. கோவைக்கொடியும் பிரண்டையும் சூரை முள்ளும் எந்த வழியாக வந்தன என்று யாருக்குத் தெரியும்! இலை விழுந்து விழுந்து கணுக்கால் புதைகிற அளவுக்குச் சருகு. அதைப் புரட்டினால் மரவட்டை, காளான், அரணை. தவிட்டுக்குருவிகள் கும்பலாக வந்து சருகைக் கிளறிக்கொண்டே ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும். இது நடந்த ஆடி மாதம் ஒரு செம்போத்து சூரைப் புதருக்குள் கூடு கட்டியிருந்தது. மரம் மட்டும் காடு இல்லை, மரத்துக்குக் கீழே இருப்பதுதான் பாதிக் காடு என்று போர்டில் எழுதினால் கொட்டாவி விடுகிற அதே கழுதைகள், அந்தப் புதர்ப் பக்கம் போனால் மூச்சு விடாது.

எங்கள் தாளாளருக்கு அந்த இடம் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பள்ளி பஸ் நிறுத்த இடமில்லை, பாம்பு வரும், பெற்றோர் கேட்கிறார்கள் என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் ஆரம்பிப்பார். கடைசியில், "திங்கக்கிழமை காலைல கமிட்டியோட வந்து பாக்கறேன் டீச்சர். காடு மாதிரி இருந்தா இருக்கட்டும். வெறும் புதரா இருந்தா ஜேசிபி வந்துரும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், சொந்த ஊர் தாராபுரம் பக்கம். மாமியார் போன பிறகு மாமா எங்களோடு ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார். வைரம் பாய்ந்த உடம்பு. சும்மா உட்காரச் சொன்னால் காய்ச்சலே வந்துவிடும்.

எங்கள் இரண்டு பேர் தமிழுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஊருக்கு போன் போட்டேன். மாமியார் எடுத்து, "மாமன் காட்டுக்குப் போயிட்டாருங் கண்ணு" என்றார். எங்கள் பக்கம் காடு என்றால் பிணம் எடுத்துப் போகிற இடம். அடுத்த நாள் சடங்குக்குக் காடாத்து என்றே பேர். "ஐயோ மாமா!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாம் மேலே ஏறி வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஓடி வந்து போனைப் பிடுங்கிப் பேசிவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் ஊரில் காடு என்றால் வானம் பார்த்த வயல். சோளம் விதைப்பார்களாம். அந்தக் கதையைச் சொல்லி இன்னும் என்னை ஓட்டுகிறார்கள். அத்தனை ஓட்டியும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதுதான் விஷயம்.

சனிக்கிழமை சாயங்காலம் கூட வேலை செய்கிற டீச்சரோடு போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். "திங்கக்கிழமை வந்து நம்ம காட்டைப் பாக்கப் போறாங்கப்பா. அது இருக்கற கோலத்துல என்ன சொல்லப் போறாங்களோ!" போனை வைத்ததும் மாமா கேட்டார், "ஏங் கண்ணு, உனக்குக் காடு இருக்குதா? சொல்லவே இல்ல?"

"சின்னதுதான் மாமா. ஸ்கூல் பின்னாடி."

"தண்ணி வசதி?"

"போர் தண்ணி இருக்கு மாமா."

"தண்ணி இருந்தா அது தோட்டமல்லோ. காடுங்கற?"

நான் சிரித்தேன். வயசானவர் ஏதோ வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

"களையெல்லாம் எப்பப் புடுங்குனீங்க?"

"அதுல நாங்க கையே வைக்கறதில்ல மாமா. வந்ததெல்லாம் வரட்டும்னு விட்டுட்டோம்" என்று பெருமையாகச் சொன்னேன்.

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். காடு பற்றி இத்தனை அக்கறையாகக் கேட்க வீட்டில் ஒருத்தராவது இருக்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரருக்கு ஓவர்டைம். நான் விடியற்காலையிலேயே அம்மாவைப் பார்க்க மாங்காட்டுக்குப் போய்விட்டு, வெயில் ஏறின பிறகு திரும்பினேன். வீட்டில் மாமா இல்லை. போன் மேஜைமேல் கிடந்தது. கீழ்வீட்டு அக்காவைக் கேட்டேன். அவர் பட்டாபிராம்காரர். "பெர்சு அப்பவே கெளம்பிச்சேம்மா. காட்டுக்குப் போறேன்னுச்சு. உங்க அம்மா ஊட்டுக்கு, மாங்காட்டுக்குன்னு நென்ச்சேன். நீ பாக்கல?"

எனக்குத் தலை சுற்றியது. எந்தக் காடு? தம்பிக்கு போன் போட்டேன். "இங்க வரலையேக்கா" என்றான். வீட்டுக்காரருக்குப் போட்டால், "காடுன்னா எங்க காடுதான். ஊருக்கு பஸ் ஏறிட்டாரோ? நீ எதாச்சும் சொன்னியா?" என்று என்மேலேயே பாய்ந்தார். நான் என்னத்தைச் சொன்னேன்! மாமியார் நினைவு வந்து சுடுகாட்டுப் பக்கம் போயிருப்பாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மாமியாரை எரித்தது ஆவடியில்கூட இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது. உலகத்தில் எத்தனை வகைக் காடு உண்டு என்று வருஷா வருஷம் கேள்வி கேட்கிறவளுக்கு, ஒரு மனுஷர் எந்தக் காட்டுக்குப் போனார் என்று தெரியவில்லை.

அப்போது பள்ளி வாட்ச்மேன் கூப்பிட்டார். "டீச்சர், உங்க மாமனாரு காலீலயே வந்துட்டாரு. டீச்சர் காட்டைப் பாக்கணும்னாரு, தொறந்து உட்டேன். இன்னா மன்சன் டீச்சர்! ஒண்டியா அத்தினியும் சீவித் தள்ளிகினு கீறாரு. வந்து பாருங்க, சூப்பரா கீது!"

எப்படி ஆட்டோ பிடித்தேன், எப்படிப் போனேன் என்று நினைவில்லை.

பின்கதவைத் திறந்ததும் இடம் மாறி வந்துவிட்டேனோ என்று நின்றேன். அந்தப் பக்கத்து மதில் சுவர் தெரிந்தது. அதற்கு முன்னால் அந்தச் சுவரை நான் பார்த்ததே இல்லை. மரங்கள் எல்லாம் கீழ்க்கிளை கழித்து, கால் தெரியப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றன. தரையில் ஒரு சருகு இல்லை. மண் கொத்திப் புரட்டி, ஒவ்வொரு மரத்துக்கும் வட்டமாகப் பாத்தி கட்டி, பாத்திக்குப் பாத்தி வாய்க்கால். கோவை, பிரண்டை, காரை, சூரை, எல்லாம் ஒரு மூலையில் குவியல்.

மாமா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, வேர்வை சொட்டச் சொட்ட, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். "வா கண்ணு! நல்லவேளை நேத்து என்ற காதுல உழுந்துச்சு. நாளைக்கு நாலு பேரு வந்து பாத்திருந்தா மானம் போயிருக்கும். இத்தன களையான்னு என்ற மருமவளைக் காறித் துப்பியிருக்க மாட்டாங்களா?" வாட்ச்மேனைக் காட்டினார். "இவுரு அந்தக் குப்பையக் கொளுத்திடலாம்னாரு. நாந்தான் வேண்டாம்னேன். மக்குனா எருவாகும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மண்வெட்டியைப் பிடுங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசியிருப்பேன். பாவி மனுஷா, என்ன காரியம் செய்தாய் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவருடைய கையைப் பார்த்தேன். சூரை முள் கிழித்து முழங்கை வரைக்கும் ரத்தக் கோடு. எனக்காகக் கிழித்துக்கொண்ட கை. கத்த வரவில்லை. அழுகை வந்தது, அதுவும் முழுசாக வரவில்லை. அவரைத் திட்டவா, கும்பிடவா என்று புரியாமல் மரம் மாதிரி நின்றேன்.

"ஒரு செம்பூத்துக் கூடு இருந்துச்சு கண்ணு" என்றார். "அறுத்ததுக்கப்புறந்தான் பாத்தேன். மனசு கேக்கல. அந்த நாவ மரத்துல வெச்சுப்போட்டேன். தாய்க்குருவி தேடி வந்துரும்." கிளைப் பிரிவில் கூடு சாய்ந்து இருந்தது. உள்ளே அழுக்கு வெள்ளையில் முட்டைகள். நான் பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தூரத்தில், சுவருக்கு அப்பால், குடத்துக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி அதன் குரல் கேட்டது. கிட்டே வரவில்லை.

திங்கட்கிழமை காலை தாளாளர் கமிட்டி ஆட்கள் சூழ வந்தார். பளபளவென்று ஷூ. போன தடவை வாசலிலேயே நின்றவர், இந்தத் தடவை உள்ளே இறங்கிப் பாத்தி பாத்தியாக நடந்தார். ஜேசிபி என்று இப்போது சொல்லப் போகிறார், இப்போது சொல்லப் போகிறார் என்று நான் முந்தானையைத் திருகிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"இப்பத்தான் டீச்சர் காடு மாதிரி இருக்கு!" என்றார். "இவ்ளோ மரம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. பஸ்ஸை முன்பக்கமே நிறுத்திக்கலாம், விடுங்க. ஆனா ஒண்ணு. இதே மாதிரி மெயின்டெயின் பண்ணணும். ஒரு புதர் வரக்கூடாது." கமிட்டி ஆட்கள் தலையாட்டினார்கள். ஒருத்தர் கை தட்டினார். நானும் எதற்கென்று தெரியாமல் சிரித்தேன்.

அவர்கள் போனதும் ஒன்பதாம் வகுப்பு வந்தது. வழக்கம்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து வந்தவர்கள் பின்கதவிலேயே நின்றுவிட்டார்கள். ஆவடி எதில் வருது என்று கேட்டவள்தான் கேட்டாள், "மிஸ், காடு எங்க மிஸ்?"

"இதோ, இதான்" என்று சொல்ல வந்தேன். தாளாளர் சொன்னதும் தமிழ், இவள் கேட்பதும் தமிழ். நாவல் மரத்துக் கூட்டில் எறும்பு ஏறியிருந்தது. பிள்ளைகள் பார்த்துவிடப் போகிறார்களே என்று எல்லோரையும் வகுப்புக்கு விரட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மாமா வெளியே படிக்கட்டிலேயே காத்திருந்தார். கையில் மஞ்சள் பூசியிருந்தது. "என்ன சொன்னாங்க கண்ணு?"

"நல்லா இருக்குன்னாங்க மாமா. காடு நமக்கேதான்."

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் என்ன சொல்ல! மாமியார் போன பிறகு நான் பார்க்காத வெளிச்சம். அதைப் பார்த்த பிறகு மிச்சத்தை எந்த வாயால் சொல்வது? அவரே கேட்டார். "குருவி வந்துச்சா?"

"வரல மாமா."

மாமா தன் கையைப் பார்த்தார். அப்புறம் என்னைத் தேற்றுகிற மாதிரி, "மழை வர்றாப்புல இருக்குது. ஆடிப்பட்டத்துக்குச் சோளம் போட்டுறலாம் கண்ணு. கதிர் புடிச்சா குருவி தானா வரும். என்ன சொல்ற?" என்றார்.

"ஒண்ணும் போட வேணாம் மாமா. சும்மா விட்டுடலாம்."

அவர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். உலகத்தில் இப்படியும் ஒருத்தி உண்டா என்கிற பார்வை. இப்போது குழப்பம் அவருக்கு.

"சும்மா உட்டாக் காடு மண்டிப் போயிருமே கண்ணு!"

காடு. அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு அவரிடமும் என் அர்த்தம் இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தாளாளர் சொன்னது காதில் இருந்தது, அந்தக் கூடு கண்ணில் இருந்தது.

"மண்டட்டும் மாமா" என்றேன்.