வாளால் வைத்த விருந்து

பழைய இலக்கியம் நடத்திய அந்த டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. வைத்தது யார் என்று அவளும் விடாமல் துப்புத் துலக்கிக்கொண்டுதான் இருந்தாள். கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் வந்த பெயராக இருக்கும் என்று சக ஆசிரியைகள் சமாதானம் சொன்னார்கள். அந்தச் சமாதானத்திலேயே ஏதோ இருப்பதாக அவளுக்குப் பட்டது.

வீட்டிலும் இதே கதைதான். பாலை முகர்ந்து பார்த்துத்தான் அடுப்பில் வைப்பாள். காய்ந்ததும் மறுபடி முகர்வாள். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பாள். "பூட்டு பாவம், ஒருநாள் கையோட வந்துடப்போகுது" என்பார் கணவர். அவர் சிரித்த முகமாகச் சீக்கிரம் வீடு வந்தால், கடையில் என்ன உடைந்தது என்றுதான் முதலில் கேட்பாள். பெரும்பாலும் ஏதாவது உடைந்துதான் இருக்கும். வம்பே அதுதான், அவளுடைய சந்தேகங்களில் பாதி பலித்துவிடும்.

பள்ளிக்கூடம் பழைய முறையில் நடப்பது. பாடலைப் பிள்ளைகள் முதலில் காதால் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் புத்தகம் கைக்கு வரும். வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குக் காலையில் தலைமையாசிரியர் சொல்லிக்கொடுப்பார். விடுதிப் பிள்ளைகளுக்கு மாலையில், சாப்பாட்டுக் கூடத்தில், டீச்சர். தட்டில் சோறு விழுந்திருந்தாலும் பாடல் முடிகிற வரை யாரும் கை வைக்கக் கூடாது.

தேர்வு அறையில் காவலுக்கு ஆள் கிடையாது. வினாத்தாளைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட வேண்டும். நாம் பார்க்காதபோது பிள்ளைகள் எப்படி இருக்கிறார்களோ அதுதான் நாம் சொல்லிக்கொடுத்த பாடம் என்பது தலைமையாசிரியரின் கட்சி. நாம் பார்க்காதபோது பிள்ளைகள் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள் என்பது டீச்சரின் கட்சி. பார்த்து எழுதியது தெரிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், மன்னிப்பே கிடையாது. ஆனால் குற்றம் சாட்டுகிற ஆசிரியர் மாலைக் கூட்டத்தில் எல்லார் முன்பும் எழுந்து நின்று சாட்ட வேண்டும்.

அந்தத் தடவை தேர்வில், இன்னும் புத்தகம் தராத பாடலிலிருந்து ஒரு வரிக்குப் பொருள் கேட்டிருந்தார்கள். 'அடிவீழ்ந்த பகைவர்முன் வாளாவிருந்தான்.' காலில் விழுந்த எதிரிகளைத் தண்டிக்காமல், அரசன் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தான் என்று அர்த்தம். வாளா என்றால் சும்மா.

வீட்டில் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் பேனாவை மூடிவைத்தாள்.

"என்னங்க, இதைக் கேளுங்க. 'காலில் விழுந்த எதிரிகளுக்கு அரசன் வாளால் விருந்து வைத்தான்.'"

"நல்ல விருந்துதான். யாரு எழுதினது?"

"விடுதிப் பிள்ளைங்க. ஒருத்தர் விடாம. வீட்டிலேர்ந்து வர்றதுங்க எல்லாம் சரியா எழுதியிருக்கு. இதுங்க மட்டும் அப்படியே அச்சடிச்ச மாதிரி! ஒருத்தி எழுதி மத்ததெல்லாம் காப்பி அடிச்சிருக்கு."

"உன் கண்ணாடி பவரைக் கொஞ்சம் குறைச்சுத் தரட்டுமா?"

"நீங்க சும்மா இருங்க."

"நான் வாளாவிருக்கிறேன்" என்று அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த ஒருத்தி யார் என்பதில் டீச்சருக்குச் சந்தேகமே இல்லை. பஸ் டிரைவரின் மகள், வாலு என்று எல்லாரும் கூப்பிடுகிறவள், இந்த வருடம்தான் விடுதிக்கு வந்திருந்தாள். வந்த நாளிலிருந்தே கடைசி வரிசையில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. பாடும்போது சிலர் வாயை மட்டும் அசைப்பதாகத் தோன்றியது. குழாயடியில் குசுகுசுவென்று பேச்சு கேட்கும். டீச்சர் தலை தெரிந்தால் கப்சிப்.

மறுநாள் வாலுவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"யாரு யாரைப் பார்த்து எழுதினீங்க?"

"யாரும் யாரையும் பார்க்கலை டீச்சர்."

"அப்போ எல்லாருக்கும் ஒரே கனவு வந்துச்சாக்கும்?"

"எங்களுக்கு அப்படித்தான் கேட்டுச்சு டீச்சர்."

"கேட்டுச்சா? யார் சொல்லிக் கேட்டுச்சு?"

வாலு வாய் திறந்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு தன் கால் விரல்களையே பார்த்தாள். வாயோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. டீச்சருக்கு அது போதும். நேரே தலைமையாசிரியரிடம் போனாள்.

அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "சாயங்காலக் கூட்டத்துல நீங்களே எழுந்து பேரைச் சொல்லிடுங்க டீச்சர். அவ அப்பாவுக்கு நான் சொல்லி அனுப்பறேன்" என்றார், தாள்களை அவள் பக்கம் தள்ளியபடி.

மாலையில் டிரைவர் காக்கிச் சட்டையோடு வந்துவிட்டார். மகளின் துணிமணிகளை எடுத்துப்போக மடித்துக் கொண்டுவந்த காலிப் பையைத் தொடையில் வைத்துக்கொண்டு அலுவலக பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். டீச்சரைக் கண்டதும் எழுந்தார்.

"என் பொண்ணுக்கு வாய் ஜாஸ்திங்க டீச்சர், ஒத்துக்கறேன். ஆனா கை சுத்தம்."

"பார்க்கலாம், உட்காருங்க" என்றாள். உட்காராமல் நின்றவரைத் தாண்டிப் போவது அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கூட்டத்துக்கு முன்னால் ஒரு சாட்சி கிடைத்தால் நல்லது என்று குழாயடிச் சுவருக்குப் பின்னால் போய் நின்றாள். சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்து நல்ல ஓட்டையாக இருந்தது. அவளுக்கு வெகுநாளாகப் பழக்கமான ஓட்டை.

உள்ளே பிள்ளைகள் வாலுவைச் சூழ்ந்துகொண்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

"அழாதீங்கடி. எனக்கே அழுகை வருது."

"நீ டீச்சர்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? உங்களைப் பார்த்துதான் அப்படி எழுதினோம் டீச்சர்னா? அடிச்சே கொன்னுடுவாங்க."

"கடைசியா ஒரு தடவை செஞ்சு காட்டுடி."

வாலு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். "அடிவீழ்ந்த பகைவர்முன் வாளா..." என்று கணீரென்று இழுத்து, சட்டென்று நிறுத்தினாள். இரை பொறுக்குகிற கோழி போலத் தலையை வெடுக்கென்று தூக்கினாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். கடைசியில் நின்ற ஒருத்தியைக் கண்ணாலேயே குத்தினாள். அப்புறம் சாவகாசமாகக் குனிந்து, "...விருந்தான்" என்று முடித்தாள். அழுதுகொண்டிருந்ததெல்லாம் அப்படியே சிரித்தது.

பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தவள் இவளாக இருக்க முடியாது, அது இவள் வருவதற்கு முந்திய பெயர் என்றுதான் டீச்சருக்கு முதலில் தோன்றியது. ஆனால் அந்தத் தலை? அந்த நிறுத்தம்? உதடு பிரியாமல் வரியைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். 'வாளா' வந்ததும் தலை தானாக நிமிர்ந்தது. கண் சுவர் ஓட்டை வழியாக அங்கே இல்லாத கடைசி வரிசையைத் தேடியது.

தலைமையாசிரியர் ஒரே மூச்சில் சொல்வார், அவரிடம் கற்ற பிள்ளைகளுக்கு அது ஒரே சொல்லாகக் கேட்டது. இவளோ வருடம் முழுக்க வாளை ஒரு பக்கமும் விருந்தை ஒரு பக்கமும் பிரித்து வைத்து, நடுவில் காவல் பார்த்திருக்கிறாள்.

கூட்டத்தில் பள்ளி முழுக்கக் கூடியிருந்தது. பின்னால் சுவரோரமாகக் காலிப் பையோடு டிரைவர்.

"சொல்லுங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர்.

போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். பையும் காலியாகவே திரும்பிப் போகும். ஆனால் படிப்பு முடிகிற வரை அந்தப் பெண்ணை எல்லாரும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். அப்படிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று டீச்சரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை.

"விடுதிப் பிள்ளைங்க யாரும் யாரையும் பார்த்து எழுதலை" என்றாள். "நான் சொல்லி அவங்க காதுல விழுந்ததைத்தான் எழுதினாங்க. நான் எப்படிச் சொல்லிக்கொடுத்தேன்னு நீங்களே பாருங்க."

அவள் வரியைச் சொன்னாள். தலை நிமிர்ந்தது; கண் இடமும் வலமும் போனது. பெரிய கூடம் என்பதால் கடைசி வரிசைக்குப் போய்வரக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் பிடித்தது. "...விருந்தான்."

முதலில் யாருக்கும் சிரிக்கத் துணிவில்லை. தலைமையாசிரியருக்குத் திடீரென்று பலமான இருமல் வந்தது. அதன் பிறகு கூடமே கொல்லென்றது.

"ராஜா சும்மாதான் இருந்தாரு" என்றாள் டீச்சர், காது மடல் சிவக்க. "நான்தான் அவரைச் சும்மா இருக்க விடலை."

வெளியே வரும்போது டிரைவர் கும்பிட வந்தார். "அதெல்லாம் வேணாம். ஆனா வாய் ஜாஸ்திதாங்க உங்க பொண்ணுக்கு" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

அன்றைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் தலையைக் குனிந்தே ஆரம்பித்தாள். கடைசி வரிசையில் வாலுவின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. எதற்கு இவ்வளவு சத்தம்? பக்கத்தில் எவளோ வாயை மட்டும் அசைக்கிறாள், அதை மறைக்கத்தான். கழுத்து நரம்பு இழுத்தது. டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில், "அடிவீழ்ந்த பகைவர்முன் வாளாவிருந்தான்" என்று முடித்தாள்.

முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.