சத்தம் போடாத பூ

உதிர்ந்து காய்ந்த பூ ஒன்றை எடுத்துக் காதருகே கொண்டுபோய் மெல்லக் கசக்குகிறார் கருப்பம்மாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். சரசரவென்று ஒலி வந்ததும் முகம் சுருங்குகிறது. "சத்தம் போடுது. வேண்டாம்" என்று தூரப் போட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போகிறார். மோந்து பார்த்தும் நிறம் பார்த்தும் பூச்செடி வாங்குகிறவர்களையே கண்டு பழகிய சாத்தூர் நர்சரிக்காரர், வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்.

கருப்பம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்தேழு வருட வேலை. வானத்தில் போய்ச் சிவப்பும் பச்சையுமாகச் சிதறுகிறதே, அந்த மருந்து மணிகளை வெயிலில் காயவைத்து அள்ளுவது அவர் பாடு. அங்கே ஒரு சருகு காற்றில் பறந்து வந்து விழுந்தாலும் போர்மேன் பாலகுரு ஊரைக் கூட்டிவிடுவார். காய்ந்தது, சரசரப்பது எல்லாமே அங்கே எதிரி. அந்தச் சட்டத்தைக் கருப்பம்மாள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் என்பதுதான் வேடிக்கை.

வீடு மேட்டில் இருக்கிறது. வாசலிலிருந்து தெருவரைக்கும் சரிந்து இறங்கும் கரிசல் மண். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் களியாகக் கரைந்து தெருவுக்கு ஓடும். லோடு ஆட்டோ ஓட்டும் கணவர் சீனிச்சாமிக்கு, சரிவு முழுக்க ஹாலோ பிளாக் வைத்துக் கட்டிப் பூசிவிட்டால் தொல்லை விட்டது. கருப்பம்மாளுக்கோ அங்கே பூ வேண்டும்.

"வருசம் பூரா ஊராருக்குக் கலரு செஞ்சு குடுக்கேன். மேல போயி ஒரு நொடியில அணைஞ்சு போகுது. என் வாசல்ல அணையாத கலரு கொஞ்சம் கெடக்கட்டுமே" என்கிறார்.

போன ஐப்பசியில் மண் ஓடி முடிந்ததும் சீனிச்சாமி ஒரு கெடு வைத்தார். "அடுத்த மழைக்கு மண்ணு நின்னா நீ ஜெயிச்ச. ஓடுச்சுன்னா மறுநாளே பிளாக் லோடு எறங்கும், ஆமா."

அதற்கு முன்பு இட்லிப்பூவில் கருப்பம்மாள் ஏமாந்திருந்தார். ஆசை ஆசையாக வாங்கிவந்து வைத்த ஆறு செடியும் கரிசலில் இலை மஞ்சளாகிச் செத்துப்போயின. அதிலிருந்து மாப்பிள்ளை பார்ப்பவர் போல நிபந்தனைகள் போட ஆரம்பித்தார்: "தண்ணி கேக்கப்படாது. எரு கேக்கப்படாது. ஆடு வாய் வைக்கப்படாது. காஞ்சா சத்தம் போடப்படாது. பூ மட்டும் அம்புட்டும் பூக்கணும்." சாத்தூர் நர்சரியில் எதுவும் தேறாததால், நாலுவழிச் சாலையின் நடுவே அரளியைக் கவாத்து செய்துகொண்டிருந்த ஆட்களிடம் கேட்டு, வெட்டிப்போட்ட கிளைகளைக் கணவரின் வண்டியிலேயே ஏற்றி வந்தார். சிவப்பு, வெள்ளை, ரோஸ். தரிசுக் காட்டிலிருந்து ஆவாரங்கன்றுகள் வந்தன.

நடுவதற்குச் சீனிச்சாமி கடப்பாரையைத் தூக்கி வந்தார். கல்லில் பட்டு ஒரு பொறி பறந்ததுதான் தாமதம், கருப்பம்மாள் வீட்டுக்குள் ஓடிவிட்டார். கம்பெனியில் இரும்பு ஆகாது.

"இங்கன என்ன புள்ள வெடிக்கப் போகுது, எறும்புப் புத்தா?"

கருப்பம்மாள் கேட்கவில்லை. வேப்பங்கட்டை ஒன்றைக் கூராகச் சீவி எடுத்துக்கொண்டார். கட்டைக்கு வறண்ட கரிசலும் மசியாது, சேறும் மசியாது. மழை விட்டு நாலைந்து நாளில், புட்டுமாவுப் பதத்துக்கு மண் வரும்போதுதான் உள்ளே இறங்கும். அந்த நாளுக்காகக் காத்திருந்து நட்டதால் எல்லாம் வேர் பிடித்தன. ஒவ்வொரு செடிக்கும் கீழே, தண்ணீரைத் தேக்கப் பிறைபோல ஒரு கரையும் அணைத்தார்.

தெருவை ஒட்டிச் செங்குத்தாக இறங்கும் கீழ் ஓரம் மட்டும் மொட்டையாகவே கிடந்தது. அங்கே தண்ணீர் நிற்பதில்லை, நட்டதெல்லாம் கருகியது. எதிர்வீட்டு ஜெனிட்டா டீச்சர் தன் வீட்டுக் காகிதப்பூவைக் காட்டி, "இதுல நாலு பதியன் எடுத்து வைங்கக்கா, காஞ்ச எடத்துலதான் நல்லாப் பூக்கும்" என்றார். கருப்பம்மாள் ஒரு பூவைக் காதில் வைத்துக் கசக்கினார்.

"ஐயையோ டீச்சர், இது ரொம்ப வாயாடி!"

"இது கம்பெனி இல்லக்கா, ஒங்க வீடு. அடுப்புக்குத் தெனமும் தீப்பெட்டி ஒரசுறீக, அதுக்குப் பயப்படலையே?"

கருப்பம்மாள் பூவைக் காதிலிருந்து இறக்கினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நெசந்தான் டீச்சர். காலு ரெண்டும் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துருது. புத்தி அங்கனயே நின்னுக்கிடுது." அன்று சாயங்காலமே நாலு பதியனும் கீழ் ஓரத்துக்கு வந்துவிட்டன.

இந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் பிளாக் வியாபாரி முத்துக்கருப்பன் போன் செய்தார்: "அண்ணாச்சி, லோடு அனுப்பவா?" சீனிச்சாமி போனைக் காதில் வைத்தபடி வாசலில் நின்று சரிவைப் பார்த்தார். தெருவில் சேறு இல்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. "மேலாக்க நல்லாத்தான் தெரியுது. உள்ள ஊறிக் கெடக்கும்ல..." என்று இழுத்தார்.

கருப்பம்மாள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சரிவில் இறங்கினார். காகிதப்பூவுக்குப் பக்கத்தில், தெருவோர விளிம்பில் இரண்டு காலையும் ஊன்றி நின்று, தன் கனம் அத்தனையும் சேர்த்துத் தொம்மென்று ஒரு குதி குதித்தார். மண் அசையவில்லை. இன்னொரு குதி. பிறகு இடுப்பில் கைவைத்து, கணவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே, மூன்றாவது குதிக்குக் காலைத் தூக்கினார்.