விக்கிரவாண்டி எனக்கு ஞாபகம் இல்லை

1. முதல்ல நடந்தது

கூட்டேரிப்பட்டுல பஸ்ஸை நிறுத்தி ரெண்டு பேரை இறக்கிவிட்டது நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் விழுப்புரம் எல்லையில கண்டக்டர் ஏழுமலை என் தோளைப் புடிச்சு உலுக்கி, "அண்ணே! லாரிண்ணே!"ன்னு அலறினதுதான் ஞாபகம். எதிர்ல லாரி. நான் இருந்தது ரோட்டுக்கு வலது பக்கம். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிச்சு, பிரேக் மேல ஏறி நின்னேன். வண்டி மண்ணுல இறங்கி, புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னாடி நின்னுச்சு.

நல்லவேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. நாலஞ்சு பேர் முன்சீட்டுல முட்டிக்கிட்டாங்க. மல்லாட்டை மூட்டை ஒண்ணு சரிஞ்சு அவுந்து, வேர்க்கடலையெல்லாம் கொட்டிடுச்சு.

"ஏழுமலை, நடுவுல விக்கிரவாண்டி தாண்டலையேடா?"ன்னு கேட்டேன். அவன் என்னைப் பேயைப் பாக்கற மாதிரி பார்த்தான்.

"என்னாண்ணே பேசறீங்க? விக்கிரவாண்டில நிறுத்தினீங்க, பதினோரு பேர் ஏறினாங்க. ஜல்தி ஏறும்மான்னு ஒரு அம்மாவைத் திட்டினீங்களே!"

நிறுத்தியிருக்கேன், கியர் போட்டிருக்கேன், திட்டக்கூட திட்டியிருக்கேன். ஒண்ணுகூட எனக்குத் தெரியாது! அவ்வளவு தூரமும் அறுபது பேரை வெச்சுக்கினு யார் ஓட்டினது? இத்தனை வருஷம் கழிச்சு எழுதறப்பவும் அது புரியலை.

2. மாத்திரை வந்த கதை

அதுக்கு நாலு மாசம் முன்னாடி, திண்டிவனம் தாண்டி ஒரு சைக்கிள்காரர் குறுக்க வந்து என் முன்சக்கரத்துல விழுந்து செத்துப்போனார். கேஸ்ல என் மேல தப்பு இல்லைன்னு ஆயிடுச்சு. ஆனா என்ன? கண்ணை மூடினா அந்த ஆள் முகம். ராத்திரி முழுக்க முழிச்சுக் கிடப்பேன். காலையில ஸ்டியரிங்கைப் புடிச்சா கை நடுங்கும். மனசு டாக்டரைப் பார்த்துட்டு வந்தாத்தான் டூட்டின்னு டெப்போவுல சொல்லிட்டாங்க.

விழுப்புரத்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு புதன்கிழமை மட்டும் அப்படி ஒரு டாக்டர் வந்து போவார். கெட்டிக்காரர்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவர் மருந்துலதான் எனக்குத் தூக்கம் திரும்பி வந்துச்சு, கை நடுக்கம் நின்னுச்சு. வம்பு எங்கன்னா, ராத்திரி மாத்திரை பத்தாதுன்னு காலையிலயும் ஒண்ணு எழுதினார். அதைப் போட்டா பத்து மணிக்கெல்லாம் கண்ணு சொக்கும்.

மூணு புதன்கிழமை போராடினேன். மொத தடவை, "சார், நான் பஸ் ஓட்டறவன். ராத்திரி மாத்திரை இருக்கட்டும். காலை மாத்திரையை மட்டும் மாத்திக் குடுங்க"ன்னேன். தலை நிமிரலை. எழுதிக்கினே, "கொஞ்சம் அசதி இருக்கத்தான் செய்யும். ரெஸ்ட் எடு"ன்னார்.

ரெண்டாவது தடவை, "சார், ஸ்டியரிங்ல உக்காந்தா..."ன்னு ஆரம்பிச்சேன். "தூக்கம் வருதா இல்லையா? வருதில்ல? அப்ப மருந்து வேலை செய்யுது. அடுத்த ஆளு!"

மூணாவது தடவை வேற வழியில்லாம, "மூணு நாள் நானே காலை மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன் சார், மயக்கம் இல்லை"ன்னு உண்மையைச் சொன்னேன். மேசையைத் தட்டினார். "டாக்டர் நீயா நானா? இன்னொரு தடவை நிறுத்தினா அன்ஃபிட்டுன்னு எழுதிடுவேன்!"

அன்ஃபிட்டுன்னா டிரைவர் சீட்டை விட்டு இறக்கிடுவாங்க. எனக்கு வேற தொழில் தெரியாது. ரெண்டு பொண்ணுங்க படிச்சுக்கினு இருந்துச்சுங்க. பயந்துட்டேன். வாயை மூடிக்கினு ரெண்டு வேளையும் போட்டேன். புளியமரத்துக்கிட்ட நின்ன அன்னிக்கும் போட்டேன்.

3. என்னைத் துரத்தினாங்க

அன்னிக்கும் புதன்கிழமை. கூப்பிட்டா கேக்கற தூரத்துல அந்த ஆஸ்பத்திரி. வண்டியை ஆஃப் பண்ணி, சாவியை ஏழுமலை கையில குடுத்துட்டு இறங்கினேன். மொதல்ல நடந்தேன், அப்புறம் ஓட ஆரம்பிச்சேன்.

அந்தக் காலத்துல ஆக்ஸிடென்ட் பண்ணின டிரைவர் அடிக்குப் பயந்து கொல்லைக்காட்டுக்குள்ளாற ஓடிடுவான். ஜனங்களும் அப்படித்தான் நெனைச்சுட்டாங்க. "டிரைவரு ஓடறான்டா, புடிங்கடா!"ன்னு பத்து பதினஞ்சு பேர் பின்னாடியே வந்தாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தர் என் காக்கிச் சட்டைக் காலரைப் புடிச்சுட்டார். அவரையும் இழுத்துக்கினு டாக்டர் ரூமுக்குள்ள பூந்தேன்.

டாக்டர் எழுந்தே நின்னுட்டார். "யாருய்யா இவங்கல்லாம்?"

"என் பஸ்ல வந்தவங்க சார். காலை மாத்திரை போட்டுட்டு ஸ்டியரிங்ல தூங்கிட்டேன். லாரிக்குக் குடுக்க இருந்தேன் இவங்களை!"

காலரைப் புடிச்ச கை தானா விட்டுடுச்சு. காணை ஊருக்குப் போற அம்மா ஒருத்தங்க, நெத்தியில புடைச்சுக்கினு நின்னவங்க, டாக்டரைப் பார்த்து, "ஏன் சாமி, பஸ்ஸு ஓட்டறவருக்கு தூங்கற மாத்திரயா குடுப்பீங்க?"ன்னாங்க.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ டிரைவர்னு ஏன்யா முன்னாடியே சொல்லலை?"

அடக் கடவுளே! அப்படியே ஆடிப்போயிட்டேன். லாரி எதிர்ல வந்தப்பகூட அப்படி ஆடலை. மூணு புதன்கிழமை அந்த மனுசன் எதிர்ல உக்காந்து பேசியிருக்கேன். ஒரு வார்த்தைகூட அவர் காதுல ஏறவே இல்லை. "சொன்னேனே சார், சொன்னேனே"ன்னு அத்தனை பேர் முன்னாடியும் அழுதுட்டேன்.

என் சட்டைப்பையில இருந்த ஆஸ்பத்திரி சீட்டை வாங்கிப் பார்த்தார். தொழில்ங்கற இடத்துல 'கூலி'ன்னு இருந்துச்சு. வாசல்ல சீட்டு போடற ஆள் என்னை ஒரு வார்த்தை கேட்டதே இல்லை. டாக்டர் மேசை மேல இருந்த அடுத்த சீட்டைப் பார்த்தார். கூலி. அதுக்கடுத்தது, அதுவும் கூலி. கட்டு முழுக்கப் புரட்டினார். எல்லாம் கூலிதான்.

"உக்காருங்க"ன்னார். மொதமொதலா 'ங்க' போட்டார். மொத டிரிப் எத்தனை மணிக்கு, போக வர எத்தனை சிங்கிள், எப்ப சாப்பிடறீங்கன்னு எல்லாம் கேட்டார். காலை மாத்திரையைப் பேனாவால அடிச்சார். ராத்திரி மாத்திரையைக் குறைச்சு, சீக்கிரமா போடச் சொன்னார். ஒரு மாசம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, டெப்போவுக்குள்ளயே வேலைன்னு லெட்டர் குடுத்தார். டெப்போவுல எனக்கு மெமோவும் குடுத்தாங்க. குடுக்க வேண்டியதுதான்.

4. பெஞ்சு

அதுக்கப்புறம் டாக்டர் செஞ்சதை நான் எதிர்பார்க்கலை. நேரா வெளிய போய், பெஞ்சுல உக்காந்திருந்தவங்களை ஒவ்வொருத்தரா, "என்ன வேலை செய்யறீங்க?"ன்னு கேட்டார்.

"கரும்பு வெட்டறேங்க."

"அரிசி மில்லுங்க. பெல்ட்டுகிட்ட நிக்கற வேலை."

மூணாவது ஆளு ஒல்லியா இருந்தார். மாரெல்லாம் காய்ப்பு. "பனை ஏறறேனுங்க."

"இப்பவுமா ஏறறீங்க?"

"ஆமாங்க, தெனமும்தான். இந்த மாத்திர போட்டதுலேர்ந்து உச்சிக்குப் போனா கண்ணு சொக்குதுங்க. போன வாரமே உங்ககிட்ட சொன்னேனுங்களே?"

டாக்டர் அந்த ஆள் பக்கத்துலயே பெஞ்சுல உக்காந்துட்டார்.

இப்ப வண்டி ஓட்டற தம்பிங்களுக்கு ஒண்ணு சொல்றேன். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, நானும் அந்தத் தப்பைப் பண்ணினவன்தான். ஆனா டாக்டர் குடுக்கற சீட்டை வாங்கிக்கினு அப்படியே எழுந்து வந்துடாதீங்க. என்ன வேலை செய்யறீங்கன்னு சொல்லி, அவர் கையாலயே அதை எழுத வெச்சுட்டு எழுந்திரிங்க. அவர் எழுதலைன்னா வேலை போனாலும் போகட்டும், அன்னிக்கு வண்டியில ஏறாதீங்க. டாக்டர் காது குடுக்கலைங்கறது நெசம். ஆனா கண்ணு சொக்கும்னு தெரிஞ்சே டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்தது நான்தான்.