எஞ்சினுக்குப் பின்னால் அடித்திருந்த எண்

ஜப்பானில், மாயேபாஷி நகரில் டாக்ஸி ஓட்டும் அசனுமா தெய்ஜிக்கு ஐம்பத்தாறு வயது. இளவயதில் வாங்க முடியாமல் போன ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பழையதாகவாவது வாங்கிவிட வேண்டுமென்று விடுமுறை நாளெல்லாம் அலைந்துகொண்டிருந்தார். அந்தக் காரில் சாதாரண வகையும் உண்டு, பந்தய எஞ்சின் வைத்த உயர்ந்த வகையும் உண்டு. அவருக்கு வேண்டியது உயர்ந்தது. போய்ப் பார்த்ததெல்லாம் வேஷம் கட்டிய சாதாரணம்.

"கார் பாக்கப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா? ஒண்ணும் அமைய மாட்டேங்குதே!" என்றாள் மனைவி மிச்சியோ. அசனுமா குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டார். முதுகு வலித்தது.

அன்று போனது பக்கத்து ஊரான ஷிபுகாவாவில் குராமோச்சி சயோ என்பவரின் வீட்டுக்கு. கணவர் போன வருடம் காலமாகிவிட்டார். கார் ஷெட்டில் பளபளவென்று நின்றது.

"ஹொக்கைடோ தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிச் சொல்லியே எல்லாத்தையும் இதுல கொட்டினார். கேட்டா, 'இது ஒரிஜினல்டீ, இந்த ஊர்லயே என்கிட்டதான் இருக்கு'ம்பார்" என்றார் சயோ.

அசனுமா முன்மூடியைத் தூக்கினார். பந்தய எஞ்சினேதான். எஞ்சினுக்குப் பின்னால், இரும்புச் சுவரில் தொழிற்சாலையிலேயே அடித்திருந்த வண்டி எண்ணைத் துணியால் துடைத்து டார்ச் அடித்தார். முதல் எழுத்துகள் சாதாரண வகைக்கு உரியவை. எஞ்சினை மாற்றலாம், இருக்கையை மாற்றலாம். இந்த வண்டி பிறந்தது சாதாரணமாகத்தான்.

'யோசிச்சு சொல்றேன்' என்று கிளம்பியிருக்கலாம். ஆனால் அடுத்து வருகிறவன் இந்த அம்மாளையே மோசக்காரி என்பான்.

"குராமோச்சி அம்மா, சொல்லவே சங்கடமா இருக்கு. எஞ்சின் மட்டும்தான் அந்த உயர்ந்த வண்டியோடது. உடம்பு சாதாரண வண்டி."

சயோ பார்லி டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "அவருக்குத் தெரியுமா?"

"அவரே மாத்தியிருந்தா தெரியும். மாத்தினதை வாங்கியிருந்தா, பாவம், ஏமாந்திருப்பார்."

சயோ காரின் மேல் கையை வைத்தார்.

"ஏமாந்தார்னே வச்சுக்கறேன். பொய் சொன்னார்னு நெனச்சா, இனி யார்கிட்டப் போய் சண்டை போடறது?"

அசனுமா முன்மூடியைச் சாத்தினார். இன்னொரு ஞாயிறு, இன்னொரு ஊர், இன்னொரு ஷெட். நினைக்கவே கால் கடுத்தது.

"சாதாரண வண்டிக்கான விலைக்குக் குடுப்பீங்களா?"

"நீங்க தேடினது இது இல்லையே?"

"இல்லதான். தேடித் தேடி அலுத்துப்போச்சும்மா."

சயோ சிரித்துவிட்டார். சாவியோடு ஒரு பை ஆரஞ்சுப் பழமும் கொடுத்தார்.

மறுவாரம் ரயிலடியில், அடுத்த டாக்ஸிக்காரர் நெஸு அசனுமாவின் டாக்ஸி ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "வாங்கிட்டியாமே, ஒரிஜினலா?"

"இல்ல."

"பின்ன எதுக்குய்யா வாங்கினே?"

"நல்லா ஓடுது" என்றார் அசனுமா. அடுத்த ரயில் வரச் சற்று நேரம் இருந்தது. சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.